மணியும் வயதும்: பம்பாயின் இரு கடிகாரங்கள்

சான்பாடாவில் சூரியன் உச்சிக்கு வந்து ஏறத்தாழ முக்கால் நிமிடம் கழிந்த பின்னரே கொலாபாவில் உச்சிக்கு வருகிறது. இரண்டு இடங்களுக்கும் இடையே தீர்க்கரேகை வேறுபாடு சுமார் 0.2 பாகை, ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பது பழைய கணக்கு. இந்தியத் திட்ட நேரத்துக்கு அடிப்படையான 82.5 பாகைக் கோட்டோடு ஒப்பிட்டால் சான்பாடா 38 நிமிடம் பின்தங்கியிருக்கிறது. ரயில் நிலையக் கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது அவ்வூரின் சராசரிச் சூரிய நேரம் 11.22-தான்.

ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியல் கோட்பாட்டைத் தமிழில் விளக்க முற்படுவோர் பலரும் இத்தகைய வேறுபாட்டிலிருந்தே தொடங்குகின்றனர். இங்கே ஒரு நேரம், அங்கே ஒரு நேரம். ஆகவே காலம் சார்புடையது. ஆகவே எல்லாம் சார்புடையது. கேட்க எளிதாக இருக்கும் இவ்விளக்கம் அடிப்படையிலேயே வழி தவறியது. எங்கே தவறுகிறது என்பதைக் காட்டும் இரண்டு நிகழ்வுகள் பம்பாயின் வரலாற்றிலேயே உள்ளன. ஒன்று 1906-இல் அந்நகரத் தெருக்களில் நடந்தது. மற்றொன்று அந்நகரத்தில் பிறந்த ஒருவர் 1938-இல் வெளியிட்ட சிறு கடிதத்தில் நடந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாய்க்குத் தனக்கென ஒரு நேரம் இருந்தது. கிரீன்விச் நேரத்துக்கு அது 4 மணி 51 நிமிடம் முந்தியது. இந்திய ரயில்வேயோ மதராஸ் வானாய்வகத்தின் நேரத்தைப் பின்பற்றியது. அது 5 மணி 21 நிமிடம் முந்தியது. நகரத்துக்கும் ரயிலுக்கும் இடையே அரை மணி நேர வேறுபாடு. 1881-இல் மாகாண ஆளுநர் ஜேம்ஸ் பெர்குஸன் மதராஸ் நேரத்தை நகரத்தின் மீதும் ஏற்ற முயன்றார். எதிர்ப்பு வலுத்தது. பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரக் கடிகாரம் எந்த நேரத்தைக் காட்டவேண்டும் என்பதே பெரும் வழக்காயிற்று. 1883-இல் அரசு பின்வாங்கியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்சன் ஆட்சிக்காலத்தில் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் என்னும் திட்டம் வகுக்கப்பட்டு, 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பம்பாயின் கடிகாரங்கள் ஒரே நாளில் 39 நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. பருத்தி ஆலைத் தொழிலாளர்கள் அந்த ஜனவரியிலேயே கொந்தளித்தனர். அவர்களுக்கு இது கடிகார முள்ளின் விவகாரம் அன்று. சூரியன் எழுவதற்கு இன்னும் முன்னதாக ஆலை வாயிலில் நிற்கவேண்டும் என்பதே அவர்களுக்கு விளங்கிய பொருள். வங்கப் பிரிவினையின் கசப்பு ஆறாத காலம் அது. அயலார் திணித்த நேரம் என்ற உணர்வும் அதனோடு சேர்ந்துகொண்டது. பம்பாய் மாநகராட்சி தன் கடிகாரங்களைப் பம்பாய் நேரத்துக்கே திருப்பிக்கொண்டது. நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் பிடிவாதமாக அதையே வைத்திருந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கும் பின்னர் தஞ்சை, பாலக்காடு வட்டாரங்களிலிருந்து மாட்டுங்காவுக்கும் வந்து குடியேறிய தமிழர் இரண்டு நேரங்கள் வழங்கிய நகரத்துக்கே வந்து சேர்ந்தனர்.

1905 செப்டம்பரில் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தின் எழுத்தர் ஒருவர் கடிகாரங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டிருந்தார். ரயில் வந்து சேரும் நேரத்தையே அவரும் முதல் எடுத்துக்காட்டாகக் கொண்டார். பம்பாயில் கடிகாரப் பூசல் தொடங்குவதற்கு முந்தைய சில மாதங்களில் அக்கட்டுரை வெளிவந்தது என்பது கவர்ச்சியான தற்செயல். இரண்டையும் ஒரே கயிற்றில் கோத்துக் கதை கட்டும் ஆசை எவருக்கும் எழும். ஆனால் பம்பாய்ப் பூசலில் கடிகாரங்களின் ஓட்டம் பற்றி எவருக்கும் ஐயம் இல்லை. மதராஸில் ஒரு மணி நேரம் எரியும் விளக்கு பம்பாயிலும் அதே அளவு எண்ணெயைத்தான் குடித்தது. 39 நிமிடம் முன்னே தள்ளப்பட்டதால் ஆலைத் தொழிலாளி எவருக்கும் 39 நிமிடம் வயது கூடிவிடவில்லை. மாறியது பெயர், கழிந்த காலம் அன்று.

தமிழ் இலக்கணம் இந்த வேறுபாட்டைப் பேச்சிலேயே பொதிந்து வைத்திருக்கிறது. வளைகுடாவிலோ கனடாவிலோ இருக்கும் உறவினரிடம் தொலைபேசியில் கேட்பது, 'அங்கே மணி என்ன?' என்பதே. மணி ஓர் இடத்துக்கு உரியது. ஏழாம் வேற்றுமையின் இடப்பொருளில் வருவது. 'உனக்கு மணி என்ன?' என்றால் கேட்பவர் சிரிப்பார். வயது அப்படியன்று. 'அவளுக்குப் பத்து வயது ஆகிறது' என்று நான்காம் வேற்றுமையில் வயதைச் சொல்வதே வழக்கம். அது ஆளுக்கு உரியது. பம்பாயில் நடந்தது மணி பற்றிய சண்டை. சிறப்புச் சார்பியல் கோட்பாட்டின் அதிர்ச்சி வயது பற்றியது. இயற்பியலார் தன்காலம் என்று அழைப்பது இந்த வயதையே: ஒரு பொருள் தன்னோடு எடுத்துச் செல்லும் கடிகாரம் காட்டும் காலம். அதை எந்த ஆளுநரும் ஆணையிட்டுத் திருத்த முடியாது. எந்தக் குறிப்பாயத்திலிருந்து கணக்கிட்டாலும் அதே விடைதான் வரும். 'எல்லாம் சார்புடையது' என்ற முழக்கத்துக்கு நேர்மாறான செய்தி இது.

ஹோமி பாபா 1909 அக்டோபர் 30 அன்று பம்பாயில், அதாவது இரண்டு நேரங்கள் ஒருங்கே வழங்கிய நகரத்தில், பிறந்தார். (இதிலிருந்து எந்த முடிவுக்கும் வரவேண்டியதில்லை, அதே நகரத்தில் அந்த ஆண்டு பிறந்த மற்றவர்கள் துகள் இயற்பியலுக்குப் போகவில்லை.) 1930-களில் கேம்பிரிட்ஜில் அவர் அண்டக்கதிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஜப்பானிய இயற்பியலார் யுகாவா 1935-இல், அணுக்கருவைப் பிணைத்து வைக்கும் விசைக்குக் காரணமாக எலெக்ட்ரானைப் போல் சுமார் 200 மடங்கு நிறையுள்ள துகள் ஒன்று இருக்கவேண்டும் என்று முன்மொழிந்திருந்தார். 1936-37-இல் ஆண்டர்சனும் நெடர்மையரும் அண்டக்கதிர்களில் ஏறத்தாழ அதே நிறையுள்ள துகளைக் கண்டனர். இரண்டும் ஒன்றே என்று உலகம் நம்பத் தொடங்கியது.

1938 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் பாபாவின் கடிதம் வெளிவந்தது. யுகாவாவின் துகள் எலெக்ட்ரானாகவும் நியூட்ரினோவாகவும் மாறக்கூடியது என்றால், அணுக்கருவின் உதவியின்றித் தனித்திருக்கும்போதும் அது தானாகவே சிதையவேண்டும் என்பது அவர் வாதம். அதையடுத்து அவர் வைத்த குறிப்பே இங்கு முதன்மையானது. தானாகச் சிதையும் துகளை ஒரு கடிகாரமாகக் கருதலாம். அது விரைந்து செல்லும்போது, சார்பியல் கோட்பாட்டின்படி, சிதையும் காலம் நீளவேண்டும். வேறு எந்த ஊகமும் அதற்குத் தேவையில்லை.

இதன் கனத்தை உணர அக்காலத்து நிலையை நினைவில் கொள்ளவேண்டும். 1905 முதல் நகரும் கடிகாரம் பின்தங்கும் என்பது ஏட்டில் இருந்தது. 1911-இல் பால் லாஞ்சவின் ஓர் எறிகலத்தில் ஏறிச் செல்லும் பயணியைக் கற்பனை செய்தார்: அவர் இரண்டு ஆண்டு மூப்படைந்து திரும்பும்போது புவியில் இருநூறு ஆண்டு கழிந்திருக்கும். தத்துவ அறிஞர்கள் அதைப் பற்றி ஏராளமாக எழுதினர். அத்தகைய விரைவில் செல்லும் கடிகாரமோ எவரிடமும் இல்லை. பாபா செய்தது, அக்கடிகாரம் ஏற்கெனவே வானிலிருந்து பொழிந்துகொண்டிருக்கிறது என்று சுட்டியதுதான்.

சொல் ஆராய்ச்சியிலும் அவருக்குக் கண் இருந்தது. புதிய துகளுக்கு 'மெசோட்ரான்' என்ற பெயர் வழங்கியபோது, 1939-இல் அவர் அதை மறுத்தார். நியூட்ரான், எலெக்ட்ரான் ஆகியவற்றில் 'ட்ர்' என்னும் ஒலிக்கூறு வேர்ச்சொல்லுக்கே உரியது; 'நடு' எனப் பொருள்படும் கிரேக்க 'மெசோ'வில் அது இல்லை; ஆகவே 'மெசான்' என்பதே முறை என்றார். உருபைத் தவறாகப் பகுத்த ஒரு சொல்லாக்கத்தை இயற்பியலார் ஒருவர் திருத்தி, அத்திருத்தம் நிலைத்தும் விட்டது.

வரலாறு அவர் எழுதியபடி நேராக நடக்கவில்லை. அண்டக்கதிரில் கண்ட துகள் யுகாவாவின் துகள் அன்று என்பது 1947-இல் தெளிவாயிற்று. யுகாவாவினுடையது இன்று பையான் எனப்படுகிறது. ஆண்டர்சன் கண்டது மியூவான். பாபா ஒரு துகளுக்குச் சொன்ன கடிகார வாதம் மற்றொரு துகளில் மெய்ப்பிக்கப்பட்டது. வாதத்துக்கு அதனால் குறைவில்லை. சிதையும் எதற்கும் அது பொருந்தும்.

மெய்ப்பித்தவர்களுள் முதன்மையானவர் புரூனோ ரோஸி. இத்தாலியில் முசோலினி அரசின் இனச் சட்டங்களால் 1938-இல் பதவி இழந்து அமெரிக்காவுக்குச் சென்றவர். அவரும் டேவிட் ஹாலும் கொலராடோ மலைகளில் 3,240 மீட்டர் உயரத்திலுள்ள எக்கோ ஏரியிலும் 1,616 மீட்டரிலுள்ள டென்வரிலும் துகள்களை எண்ணினர். 1941-இல் வெளியான முடிவு இது: மெதுவான தொகுதி, விரைவான தொகுதியைப் போல் சுமார் மூன்று மடங்கு வேகமாகச் சிதைந்தது. விரைந்தவை நீண்ட நாள் வாழ்ந்தன. பாடநூல்கள் பெரும்பாலும் இங்கிருந்தே கதையைத் தொடங்குகின்றன. அல்லது 1963-இல் பிரிஷும் ஸ்மித்தும் வாஷிங்டன் மலையில் செய்து திரைப்படமாகவும் எடுத்த சோதனையிலிருந்து தொடங்குகின்றன. அதில் மலையுச்சியில் மணிக்குச் சுமார் 563 மியூவான்கள். கடல்மட்டத்தில் சுமார் 408. காலம் எல்லோருக்கும் ஒன்றுபோல் ஓடுமானால் 27 மட்டுமே எஞ்சியிருக்கவேண்டும். 1938-இன் கடிதத்துக்குப் பாடநூல்களில் இடம் கிடைப்பது அரிது. இந்தியப் பாடநூல்களாவது அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கணக்கைச் சான்பாடாவுக்குக் கொண்டுவருவோம். அவ்வூரின் மேல் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மியூவான் பிறக்கிறது என்க. ஓய்வுநிலையில் அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி. அந்த நேரத்தில் ஒளியே 660 மீட்டர்தான் செல்லும். தரையை அடைய 50 மைக்ரோ வினாடி தேவை. பழைய கணக்குப்படி எழுநூறு கோடியில் ஒன்று தரை சேர்ந்தால் அதிகம். உண்மையில் கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று விழுகிறது; சான்பாடா நடைமேடையில் நிற்பவரின் விரித்த உள்ளங்கையை ஒரு நிமிடத்தில் நூறு வரை துளைத்துச் செல்கின்றன. மியூவானின் வேகம் ஒளிவேகத்தில் 99.875 விழுக்காடு எனக் கொண்டால், புவிக்கு 50 மைக்ரோ வினாடி ஆகும் பயணத்தில் மியூவானுக்கு ஆகும் வயது 2.5 மைக்ரோ வினாடி மட்டுமே. இருபதில் ஒரு பங்கு. காற்றில் இழக்கும் ஆற்றலை ஒதுக்கினால் மூன்றில் ஒன்று பிழைத்து வரும்.

இதில் ஒரு திருத்தம் தேவை. தனி மியூவானுக்கு முதுமை கிடையாது. பிறந்து பத்து மைக்ரோ வினாடி கழிந்த மியூவானும் இப்போதுதான் பிறந்த மியூவானும் அடுத்த கணத்தில் சிதையும் வாய்ப்பு ஒன்றே. ஆகவே கடிகாரம் என்பது ஒற்றை மியூவான் அன்று, கூட்டம். எத்தனை எஞ்சின என்ற எண்ணிக்கையே முள்.

இனி மியூவானோடு சேர்ந்து பயணிப்பவரின் குறிப்பாயத்தில் நிற்போம். அங்கே மியூவான் அசையாமல் இருக்கிறது; அதன் ஆயுள் நீளவில்லை, வழக்கமான 2.2-தான். சான்பாடாவே மேல்நோக்கிப் பாய்ந்து வருகிறது. 15 கிலோமீட்டர் காற்று 750 மீட்டராகச் சுருங்கியிருக்கிறது. ஆகவே சந்திப்புக்கு 2.5 மைக்ரோ வினாடி போதும். காரணம் வேறு, எண் ஒன்று. நடைமேடையில் நிற்பவர் காலநீட்சி என்பார். மியூவானோடு வருபவர் நீளக் குறுக்கம் என்பார். மூன்றில் ஒன்று பிழைத்தது என்பதில் இருவருக்கும் பிணக்கு இல்லை.

மாணவர் இங்கே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மியூவானின் பார்வையில் புவியின் கடிகாரங்கள் அல்லவா ஓடுகின்றன? அவை அல்லவா பின்தங்கவேண்டும்? ஆம், பின்தங்குகின்றன. மியூவானின் 2.5 மைக்ரோ வினாடியில் சான்பாடாக் கடிகாரம் 0.125 மைக்ரோ வினாடியே முன்னேறுகிறது. அப்படியானால் புவியில் ஐம்பது கழிந்தது எப்படி? விடை ஒரே கணம் என்னும் கருத்தில் இருக்கிறது. மேலே மியூவான் பிறந்த அதே கணத்தில் கீழே சான்பாடாவில் மணி என்ன என்று கேட்டால், புவியின் குறிப்பாயம் சுழி என்கிறது. மியூவானின் குறிப்பாயம் ஏற்கெனவே 49.875 என்கிறது. தொலைவிலுள்ள இரண்டு கடிகாரங்களை ஒத்திசைப்பதில்தான் இருவரும் வேறுபடுகின்றனர்.

ஆக, பம்பாய்ப் பூசலுக்குச் சார்பியலோடு உறவே இல்லை என்று முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. தொலைதூரக் கடிகாரங்களை எப்படி ஒத்திசைப்பது என்பது ஏற்பாடு செய்துகொள்ளவேண்டிய ஒன்று. ஐன்ஸ்டைன் தொடங்கியதும் அங்கேதான். 1906-இன் பம்பாய்க்காரர்கள் அந்த ஏற்பாடு யாருடையது என்று கேட்டனர். ஆனால் இருவேறு குறிப்பாயங்கள் ஒத்திசைப்பதில் வேறுபடுவது அரசாணையால் அன்று, இயக்கத்தால். அந்த வேறுபாட்டைக் கூட்டிக் கழித்த பின்னும் ஒன்று மாறாமல் நிற்கிறது: மியூவானுக்கு ஆன வயது.

விண்வெளிப் பயணத்துக்கும் இதே கணக்குத்தான். சூரியனுக்கு அடுத்து மிக அண்மையிலுள்ள விண்மீன் பிராக்சிமா 4.24 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. மேற்சொன்ன மியூவானின் வேகத்தில் ஒரு கலம் செல்லுமானால் புவியின் நாட்காட்டியில் நான்கேகால் ஆண்டு கழியும். பயணிக்கு இரண்டரை மாதம். முடுக்கத்துக்கும் வேகத் தணிப்புக்குமான காலத்தை இங்கே சேர்க்கவில்லை; அத்தகைய கலத்துக்கான எரிபொருள் மனித குலத்தின் கைக்கு எட்டியதும் அன்று. மனிதர் உண்மையில் சென்ற வேகங்களில் ஆதாயம் அற்பம். 1984-இல் ராகேஷ் சர்மா ஏறத்தாழ எட்டு நாள் விண்ணில் இருந்தார். அந்த உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் கடிகாரம் சிறிது விரைவதையும் கழித்துப் பார்த்தால், புவியில் இருந்தவர்களைவிட அவர் வினாடியில் சுமார் ஐயாயிரத்தில் ஒரு பங்கு இளையவராகத் திரும்பினார். இன்னும் கீழே இறங்கிப் பார்க்கலாம். மான்கூர்டிலிருந்து கடற்கழியைத் தாண்டி வாஷி வழியே சான்பாடாவுக்கு வரும் ஹார்பர் தட ரயில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகவும், புவிச் சுழற்சி இல்லை என்றும் வைத்துக்கொண்டால், அதில் இறங்காமல் 45 ஆண்டு பயணம் செய்பவர் சேமிக்கும் வயது 2.2 மைக்ரோ வினாடி. ஒரு மியூவானின் ஆயுள்.

லாஞ்சவினின் பயணி புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவார். மேலிருந்து விழும் மியூவான் திரும்புவதில்லை. ஆகையால் நெடுநாள் வரை சிலர் ஐயுற்றனர்: திரும்பி வந்தால் கணக்கு நேராகிவிடாதா? 1977-இல் ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் மியூவான்கள் 14 மீட்டர் விட்டமுள்ள வளையத்தில் சுற்றவிடப்பட்டன. புறப்பட்ட இடத்துக்கே மீண்டும் மீண்டும் வந்தன. அவற்றின் ஆயுள் 64 மைக்ரோ வினாடியாக, கோட்பாடு கூறிய 29.3 மடங்குக்கு ஏற்ப நீண்டிருந்தது. மூடிய பாதையில் சென்று திரும்பும் கடிகாரமும் பின்தங்கும் என்று 1905-ஆம் ஆண்டுக் கட்டுரையே கூறியிருந்தது.

பாபா 1939-இல் விடுமுறைக்கு இந்தியா வந்தார். போர் மூண்டதால் திரும்பவில்லை. பெங்களூரில் இராமனின் துறையில் பணியாற்றினார். 1945-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் அவ்வாண்டின் இறுதியில் பம்பாய்க்குப் பெயர்ந்தது. 1950-களில் சான்பாடாவுக்கு எதிர்க்கரையில் டிராம்பே அணுசக்தி நிலையமும் அவரால் எழுந்தது. பொதுநினைவில் அவர் அந்த அணுவுலைகளின் மனிதராகவே எஞ்சியிருக்கிறார். 1938-இன் கடிகாரமோ வேறு வழியில் தொடர்ந்தது. 1951-இல் அவர் தூண்டுதலால் பி. வி. ஸ்ரீகண்டன் கோலார் தங்கச் சுரங்கத்தில் இறங்கி, ஆழம் கூடக் கூட மியூவான்கள் எவ்வாறு குறைகின்றன என்று அளந்தார். வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வெட்டிய சுரங்கம் அது. பின்னர் அங்கே 2,700 மீட்டருக்கும் கீழே கருவியை வைத்து இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு மியூவான்கூட வரவில்லை. அத்தகைய அமைதிதான் 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிய இடம் தந்தது.

அதே நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் உதகமண்டலத்தில், 2,200 மீட்டர் உயரத்தில் இயங்குகிறது. ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் நீளமுள்ள 3,712 இரும்புக் குழாய்கள் அங்கே கான்கிரீட் பாளங்களுக்கு அடியில் அடுக்கப்பட்டு இரவும் பகலும் மியூவான்களை எண்ணுகின்றன. 2014 டிசம்பர் 1 அன்று அந்த எண்ணிக்கையில் ஏற்பட்ட சிறு தளர்வைக் கொண்டு, மேலே நின்ற இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை அக்குழுவினர் கணக்கிட்டனர். காலநீட்சி அங்கே ஆராயப்படும் பொருள் அன்று. அது இல்லாவிட்டால் எண்ணுவதற்கு மியூவான் இராது.